நெற்றியோரத்தில் நாலு முடி

அந்தக் காலத்தில் காற்றும் பேசும், நண்டும் பேசும், தலையில் இருக்கிற கூந்தலும் பேசும். பேச்சு அதிகம் என்று யாரும் குறைப்பட்டதாகத் தகவல் இல்லை.

அப்போது எல்லாருடைய கூந்தலும் மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி வழவழவென்று கிடந்தது. ஒவ்வொரு முடியின் மேலும் ஓடு வேய்ந்ததுபோல் மெல்லிய செதில்கள். அவற்றை இறுக மூடிக்கொண்டு, ஈரம் வந்தால் எனக்கென்ன என்று கூந்தல் இருந்தது.

கீழைக் கடற்கரையில் ஓர் உப்பளம். அங்கே முப்பிடாதி என்ற பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்நாட்டுக்காரர்கள். சீர்வரிசையாக ஓர் அம்பாரம் உப்புக் கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. முதல் வருஷம் உப்பைக் குவித்து முடித்ததும் கடலிலிருந்து கொண்டல் காற்று வந்தது. பின்னாலேயே மழை வந்தது. உப்பு கடலுக்கே திரும்பிப் போனது. இரண்டாம் வருஷமும் அதுவே நடந்தது. மூன்றாம் வருஷமும் உப்பு இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

பனையோலை போட்டு மூடினால் உப்பு பிழைக்கும். எப்போதும் மூடியே வைத்தால் உப்பு காயாது. ஆகவே கொண்டல் வருவது முன்கூட்டித் தெரிய வேண்டும். மேல்காற்று புழுதியை முன்னால் அனுப்பும். வாடைக்குக் குளிர் கட்டியம் கூறும். கொண்டல் மட்டும் சொல்லாமல் வரும்.

முப்பிடாதி நண்டைக் கேட்டாள்.

“எனக்குத் தெரியும். தெரிந்ததும் வளைக்குள் போய்விடுவேன். போகிற அவசரத்தில் உன்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?” என்றது நண்டு.

அண்ணன் மனைவி வெயிலுகந்தாள் பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். “ஏளா, நண்டுகிட்டப் போயி கேக்கிறியே. ஒந்தலையில ஒண்ணு இடுப்புவரைக்கும் தொங்குதே, சும்மாதான கெடக்கு? அதக் கேளேன்” என்றாள்.

அது கேலி. முப்பிடாதி உண்மையாகவே கேட்டுவிட்டாள்.

கூந்தல் யோசித்துப் பதில் சொன்னது. “செதிலைத் திறந்து வைத்தால் காற்றில் ஈரம் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே வந்த ஈரம் சும்மா இருக்காது. என்னை உப்ப வைக்கும். ஒரு முடி கிழக்கே போகும், ஒரு முடி மேற்கே போகும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு?”

“திறந்தால் திறந்ததுதான். உன் தலையில் திறந்தால் எல்லார் தலையிலும் திறக்கும். நாங்கள் ஒரே குடி.”

இந்த இடத்தில் அவள் நாலு பேரைக் கலந்திருக்கலாம். கலக்கவில்லை. உவர்மண்ணை அள்ளித் தலையில் தேய்த்துக் குளித்தாள். முரட்டுத் துணியால் பரபரவென்று துவட்டினாள். ஈரம் காயுமுன்பே நெருங்கிய பல் சீப்பை எடுத்து வறட்டு வறட்டென்று வாரினாள். செதில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

நான்காம் நாள் உச்சிவெயிலில், வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லாதபோது, அவள் தலை உப்பி எழுந்தது.

“என்னளா இது? தூக்கணாங்குருவி கூடு கட்டின மாதிரில்லா இருக்கு!” என்றாள் வெயிலுகந்தாள்.

“மதினி, மொதல்ல ஒங்க தலையத் தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தாள். அதற்குமேல் சிரிக்கவில்லை. இருவரும் ஓலைக்கு ஓடினார்கள். கொண்டல் கரையேறியபோது அம்பாரம் மூடியிருந்தது. “யார் சொன்னது?” என்று கொண்டல் கேட்டது. இருவரும் ஓலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கொண்டல் பெய்துவிட்டுப் போனது.

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் வண்டி வந்து உப்பை ஏற்றிக்கொண்டு போகும் என்று ஏற்பாடு. இப்போது மணப்பெண்ணின் தலைதான் பிரச்சினை.

“மாப்பிள்ள ஒங்கழுத்தத் தேடிக் கண்டுபிடிக்கதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிரும்” என்றாள் வெயிலுகந்தாள்.

செதிலை மூடிக்கொள்ளும்படி முப்பிடாதி கூந்தலைக் கேட்டாள்.

“மூட முடியாது. மறைப்புப் போடலாம். உவர்மண்ணைத் தொடாதே, சீயக்காய் போதும். துவட்டாதே, பழைய வேட்டியால் ஒற்றி எடு. அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போ. லேசாக ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய் தடவிப் பின்னிவிடு. எண்ணெய் இருக்கும்வரை வெளி ஈரம் சுலபமாக நுழையாது.”

“அப்படியானால் கொண்டல் வருவதும் தெரியாதே?”

“தெரியாது.”

உப்பு இன்னும் அளத்தில்தான் கிடந்தது. முப்பிடாதி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கூந்தலே வழி சொன்னது. “எல்லாரும் காவல் நிற்க வேண்டாம். நெற்றியோரத்தில் குட்டையாக நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் படிய மாட்டார்கள். சம்மதமா?”

“நெத்தியிலயா? எல்லாரும் பாக்கிற எடத்துலயா?” என்றாள் வெயிலுகந்தாள்.

“பிடரியில் நின்றால் யார் பார்ப்பது?” என்றது கூந்தல்.

முப்பிடாதி சம்மதித்தாள்.

மணவறையில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்ட நேரம். மணப்பெண்ணின் நெற்றியோரத்தில் நாலு முடி எழுந்து நின்றது. சபையில் அழகு கெடுகிறதே என்று மாமியார் எண்ணெய் விரலை நீட்டினார்.

“அத்தை, அமுக்காதீங்க! கொண்டல் வருது” என்றாள் முப்பிடாதி. பிறகு பின்னால் நின்ற மாப்பிள்ளையின் தங்கையிடம், “மிச்ச ரெண்டு முடிச்சையும் சட்டுனு போடு, தாயி” என்றாள்.

கல்யாண வீடு பாதி உப்பளத்துக்கு ஓடியது. மாப்பிள்ளையும் மாலையோடு ஓலை சுமந்தார். மழை நனைத்தது ஆட்களைத்தான். மறுநாள் உப்பு வண்டியேறியது, பெண்ணும் ஏறினாள்.

அன்று முதல்தான் காற்றில் ஈரம் ஏறியதும் தலைமுடி உப்பிக்கொள்கிறது. எண்ணெய் தடவிப் பின்னினால் அடங்குகிறது. எவ்வளவு தடவினாலும் நெற்றியோரத்தில் நாலு முடி மட்டும் படிவதில்லை. கண்ணாடி முன் நின்று அவற்றை அமுக்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உப்பளம் கிடையாது. அது முடிக்குத் தெரியாது.