மதியம் மட்டும் மக்கர் செய்த மோடம்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மேனேஜர் சங்கரலிங்கம் வைத்ததுதான் சட்டம். தினமும் மதியம் இரண்டரைக்கு, உற்பத்தி விவரம் மோடம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரமாகப் போகவில்லை. காலையில் ஒழுங்காக வேலை செய்கிற மோடம், மதியமானால் டயல் டோன் இல்லை என்று நின்றுவிடும். வயரை மாற்றினார்கள், மோடத்தையே மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் துப்புரவு வேலை பார்க்கும் ஆவுடையம்மாள் மேல் பாய்ந்தார் மேனேஜர். "தரை துடைக்கிறப்போ நீதான் வயரை இழுத்திருக்கே. இன்னைக்குச் சரியாகலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

ஆவுடையம்மாள் அசரவில்லை. "சரியாக்கிரலாம் சார். சாப்பிட்டதும் நேரா வந்து மோடம் பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

ஏளனமாகச் சிரித்தபடி வந்து நின்றார். இரண்டரைக்கு மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, விளக்குகள் மின்னின. விவரம் போய்ச் சேர்ந்தது. ஆபீசே வாயைப் பிளந்தது.

"என்ன மாயம் பண்ணினே?"

"மாயமெல்லாம் இல்ல சார். இந்த வயரைத் துடைச்சுக்கிட்டே போனேன். அது உங்க ரூம் போன்ல போய் முடியுது. ரெண்டுக்கும் ஒரே லைன். மதியம் தூங்குறப்போ மணி அடிக்கக் கூடாதுன்னு ஒரு வாரமா நீங்க ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சிடறீங்க. இன்னைக்குத்தான் உங்களைத் தூங்க விடலையே!"