மடிப்பு விட்ட பை

"அம்மா, என் பொண்ணு பேச மாட்டேங்குறா."

முனிரத்தினம் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை. ஒன்று படியில் கிடந்தது, இன்னொன்று துளசிச் செடிக்குப் பக்கத்தில்.

வேதவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏலகிரி அடிவாரத்தில் அவருடைய மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, அவ்வளவுதான். முனிரத்தினம் அவரைவிட எட்டு வயது மூத்தவர். இருந்தாலென்ன, குரு குருதான்.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"தெரியலையேம்மா. கட்டிக்குடுத்த வீட்டுலேர்ந்து தனியா வந்து நின்னா. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். வாயே திறக்கல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மறுபடியும் கேட்டேன்."

"அப்புறம்?"

"காலையில கேட்டேன். சோத்துல கை வைக்கும்போது கேட்டேன். அடிச்சானான்னு கேட்டேன். நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றதுன்னு கேட்டேன். இப்ப ரூமைச் சாத்திக்கிட்டா. சாப்பாடும் சரியா இறங்கல. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயமா இருக்கும்மா."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவம், ஒரே மகள்.

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய தோல் பையோடு வந்தார். அரிசி மூட்டைக்கு அடியில் பல வருஷம் கிடந்த பை. இரண்டாக மடிந்து, வடாம் மாதிரி காய்ந்து விறைத்திருந்தது.

"இதைத் திறந்து குடுங்க."

முனிரத்தினத்துக்குத் தோல் சாமான் பழுது பார்க்கிற தொழில். பை, பெல்ட், ஜட்கா குதிரையின் வார் எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே விரல்கள் பையைத் தடவிப் பார்த்தன.

"கடைக்கு எடுத்துட்டுப் போறேம்மா. நாளாகும்."

"எனக்கு இப்பவே திறக்கணும்."

அம்மா பையைப் பிடுங்கி, மடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நறநறவென்று சத்தம் வந்தது.

"விடுங்கம்மா, வெடிச்சிடும்."

"அப்ப வெந்நீர்ல போடுறேன்."

"ஊறும்போது இளகும். காஞ்சா பலகையாயிடும்."

"வெயில்ல வைக்கட்டுமா?"

"வேற வினையே வேண்டாம்."

"ஒரு பாட்டில் விளக்கெண்ணெயை மொத்தமா ஊத்திடுறேன்."

"தொளதொளன்னு ஆகித் தையல் பிரிஞ்சிடும்." முனிரத்தினத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தப் பை மேல உங்களுக்கு என்னம்மா அவ்வளவு ஆத்திரம்?"

"ஆத்திரமா? ஆசைதான். திறக்கணும்னு ஆசை."

"ஆசை இருந்தா போதுமா?"

"அப்ப எப்படித்தான் செய்யணும்?"

முனிரத்தினம் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொழில் பேச்சு என்றால் அவருக்கு எல்லாம் மறந்துவிடும்.

"ஈரத்துணியால தூசியைத் துடைக்கணும். நிழல்ல ஆற விடணும். உள்ளங்கையில கொஞ்சமா எண்ணெய் எடுத்து, கைச்சூட்டோட தேய்க்கணும். ஆனா மடிப்புல கை வைக்கக் கூடாது. புதுசா தொழிலுக்கு வர்றவன் நேரா அங்கதான் போவான். அது நொந்த இடம்மா. சுத்தி இருக்குற நல்ல தோலுக்குத்தான் முதல்ல எண்ணெய் காட்டணும். அது குடிச்சுக் குடிச்சு, தானா மடிப்பு வரைக்கும் போகும். நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பாக்கணும். அதை விட்டுட்டு, தொட்டுத் தொட்டு, விட்டுச்சா விட்டுச்சான்னு..."

நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க," என்றார் அம்மா. கையில் கீரை இருந்தது.

முனிரத்தினம் எழுந்தார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். இன்னொரு செருப்பைத் தேடக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று வீட்டில் அவர் எதையும் கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பையைத் துடைத்தார். சாத்தின கதவைப் பார்த்து, "ராத்திரிக்கு அடையா, உப்புமாவா?" என்றார்.

ரொம்ப நேரம் கழித்து, "அடை" என்று வந்தது.

மறுநாள் எதிர்வீட்டு ஆடு தங்கள் வீட்டு முருங்கையைத் தின்ற கதையைச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் தையல் ஊசியைக் காணோம் என்றார். ஊசி அவர் சட்டையிலேயே குத்தியிருந்தது. கதவு திறந்தது. மகள் வந்து, ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

முனிரத்தினத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டார். பையைத் தேய்த்தார்.

பை மெதுவாக இளகியது. ஒருநாள் அவர் தொடாமலே மடிப்பு கொஞ்சம் விரிந்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். அம்மா பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். காலிப் பைதான்.

"பொண்ணு?"

"நேத்து அவளா சொல்ல ஆரம்பிச்சாம்மா. பாதி சொன்னா. அழுதா. அப்புறம் நல்லாச் சாப்பிட்டா."

"மீதி?"

"நான் கேக்கல."

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வள்ளென்று விழுந்தது.

"ஏம்ப்பா, ஒரு செருப்பு படியில, ஒரு செருப்பு துளசியில. எத்தனை வயசானாலும் ஒழுங்கா விட மாட்டியா நீ?"

முனிரத்தினம் மூக்கை உறிஞ்சினார். முகமெல்லாம் சிரிப்பு.

"திட்டுறாம்மா," என்றார்.