வயசே தெரியலை

ஓர் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஒரு கண்ணாடித் தட்டில், இளஞ்சிவப்புச் சாற்றில் மிதந்தபடி, பட்டாணி அளவில் ஒரு மூளைத் துணுக்கு வளர்ந்து வந்தது. எல்லோரும் அதைப் பட்டாணி என்றே கூப்பிட்டார்கள்.

பட்டாணி பிறந்த கதை வேடிக்கையானது. சலூன் கடைக்காரர் சிங்காரவேலுவின் கையிலிருந்து கிள்ளி எடுத்த துளித் தோல்தான் அது. ஆராய்ச்சியாளர் ரெஹானா அந்தத் தோலைத் தாஜா பண்ணி, தான் தோல் என்பதையே மறக்கடித்து, பச்சைக் குழந்தை மாதிரி ஆக்கி, அப்புறம் மூளையாக வளரச் செய்திருந்தார். அதற்கு யோசிக்கவெல்லாம் தெரியாது என்று ரெஹானா அடித்துச் சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் யோசிக்கத் தெரியாதவர்கள் பேசாமலா இருக்கிறார்கள்? பட்டாணியும் பேசியது.

செவ்வாய்க்கிழமைதோறும் ரெஹானா அதை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வயசே தெரியலையே!" என்பார்.

பட்டாணிக்குத் தலைகால் புரியாது. "கேட்டீங்களா? எனக்கு வயசே தெரியலையாம்!" என்று இன்குபேட்டரிடம் வந்து பீற்றிக்கொள்ளும். முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் அதைப் பொத்திப் பொத்தி வளர்த்த இன்குபேட்டரும், "என் கண்ணே பட்டுடும் போல இருக்கே" என்று கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொள்ளும்.

மைக்ரோஸ்கோப்புக்கு எதையும் பெரிசாக்கித்தான் பழக்கம். ஆனாலும் பொய் சொல்லத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அது போட்டு உடைத்துவிட்டது.

"அடேய் பட்டாணி, அதைப் பாராட்டுன்னா நினைச்சே? அந்தம்மா பெருமூச்சு விட்டதைக் கவனிக்கலையா?"

"வயசு தெரியலைன்னா நல்லதுதானே?"

"வெளியிலே நல்லது. இங்கே அதுதான் வினை. சிங்காரவேலுவுக்கு வயசு அறுபத்தெட்டு. மறதி நோய் வந்திருக்கு. அது ஏன் வருது, எந்த மருந்துக்கு அடங்கும்னு அவர் மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்? அதுக்குத்தான் நீ. ஆனா உன்னைக் குழந்தையாக்கினப்போ அந்த அறுபத்தெட்டு வயசும் அழிஞ்சு போச்சு. வயசானா வர்ற நோயைக் குழந்தைகிட்டே தேடினா கிடைக்குமா?"

பட்டாணிக்கு முகம் விழுந்துவிட்டது. அதைத் தேற்றுவதாக நினைத்து, எல்லார் தட்டிலும் மூக்கை நுழைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாறு ஊற்றும் பிப்பெட் நடுவில் வந்தது.

"அவர் சமாச்சாரம் தெரியுமா? அவர் பொண்ணு ரெஹானாகிட்டே சொன்னதைக் கேட்டேன். நாப்பது வருஷமா எல்லாருக்கும் டை அடிச்சு, 'சும்மா சொல்லக் கூடாது, வயசே தெரியலை'ன்னு சொல்லி அனுப்பின மனுஷன். போன மாசம் ஒரு கல்யாண மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பாதி மீசைக்கு டை அடிச்சிட்டு மீதியை மறந்துட்டாராம். அவரும் அவசரத்துல கண்ணாடி பார்க்கலை. மண்டபத்துல ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளையா நின்னிருக்கார்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டாணியும் சிரித்தது.

"அன்னிலேர்ந்து அவர் கத்தரிக்கோலைத் தொடலையாம்" என்றது பிப்பெட். "கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியிலே தானே உட்கார்ந்துக்கிறாராம்."

பட்டாணியின் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் ரெஹானா ஒரு புதுச் சாற்றைக் கலக்கினார். ஐம்பது வருஷ மூப்பைச் சில வாரத்தில் ஏற்றிவிடும் சாறு அது. "இதுக்கும் வயசு ஏறலைன்னா, இந்தத் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இன்குபேட்டர் பதறிவிட்டது. "வேண்டாண்டா கண்ணு! வாயை மூடிக்கோ. மூப்பு ஏறினா நீ வாடிப் போயிடுவே."

பட்டாணி பிப்பெட்டைப் பார்த்துக் கேட்டது: "நரைக்குமா?"

"உனக்கு ஏது முடி, நரைக்கிறதுக்கு?"

"அப்போ ஊத்து!"

வாரங்கள் போயின. பட்டாணியின் துறுதுறுப்பு குறைந்தது. ஓரங்கள் சுருங்கின. "இன்னிக்குச் செவ்வாயா?" என்று கேட்கும். "இல்லடா கண்ணு, வியாழன்" என்று இன்குபேட்டர் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்குச் செவ்வாயா?" என்று மறுபடியும் கேட்கும். அப்போதுதான் முதல் தடவை கேட்டது போல இன்குபேட்டரும் பதில் சொல்லும். அந்தப் பொறுமைக்கு அதைக் கும்பிடலாம்.

எட்டாவது வாரச் செவ்வாய்க்கிழமை ரெஹானா பட்டாணிக்குச் சாயம் ஏற்றினார். சிங்காரவேலுவின் சாயம் வயசை மறைக்கும். ரெஹானாவின் சாயம் வயசைக் காட்டிக் கொடுத்துவிடும். மைக்ரோஸ்கோப்பின் அடியில் பச்சைப் பச்சையாய்க் கட்டிகள் மினுங்கின. மறதி நோய் வந்த மூளையில் இருக்கும் அதே கட்டிகள்.

"வயசாயிடுச்சு! வயசாயிடுச்சு!" என்று ரெஹானா குதித்தார். அரை மணி நேரத்தில் ஜாங்கிரி வந்தது. ஒருவருக்கு வயசானதற்கு இத்தனை பேர் சந்தோஷமாக ஜாங்கிரி தின்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றைக்குத்தான் சிங்காரவேலுவும் மகளோடு பரிசோதனைக்கு வந்தார். ரெஹானா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஐயா, உங்க வயசு என்ன?"

சிங்காரவேலு யோசித்தார். மகளைப் பார்த்தார். கூச்சத்தோடு சிரித்தார். "வயசா... தெரியலையே டாக்டரம்மா."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். போன தடவை சரியாகச் சொல்லியிருந்தார்.

ரெஹானா அவர் கையில் ஒரு ஜாங்கிரியைக் கொடுத்து, மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். "பாருங்க ஐயா, உங்க தோல்லேர்ந்து வளர்ந்தது. இனிமே இதுமேல மருந்துகளைச் சோதிச்சுப் பார்க்கலாம். இத்தனை நாள் அதுக்கே வழியில்லாம இருந்தது."

சிங்காரவேலு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அங்கே பட்டாணி, சுருங்கி, கட்டி தட்டி, பரிதாபமாக மிதந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷப் பழக்கம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

"சும்மா சொல்லக் கூடாது, வயசே தெரியலை!" என்றார்.

ரெஹானா வாய்விட்டுச் சிரித்தார். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு பாடுபட்டே, கடைசியிலே இப்படிச் சொல்லிட்டாரே!" என்று மைக்ரோஸ்கோப் வருத்தப்பட்டது.

"அதனாலென்ன?" என்றது பட்டாணி. "அவருக்கு வயசு தெரியலைன்னா போகட்டும். அதான் என்கிட்டே தெரியுதே!"