தேவாங்கின் கண்ணும் இலந்தைக் கொப்பும்

மிருகங்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காட்டுக்குள் ஒரு குகையில் படம் காட்டுவார்கள். சிலந்தி நெய்த திரை, மின்மினி வெளிச்சம், வாசலில் காவலுக்குக் கரடி. கரடி பச்சைக் கொப்பைத் தொங்கவிட்டால் குஞ்சு குளுவான் எல்லாம் உள்ளே போகலாம். முள் கொப்பு என்றால் பெரியவர்கள் மட்டும். இந்த இரண்டை விட்டால் வேறு கொப்பு கிடையாது.

காட்டுப்பூனை எடுத்த கீரியின் சாகசப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத குட்டி இல்லை. அதன் இரண்டாம் பாகம் வந்தது. முன்கூட்டியே பார்த்த கரடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ரொம்பப் பயமா இருக்கேப்பா. பச்சை மாட்ட மனசு வரலை."

"முள்ளை மாட்டினா குட்டிங்க அழுதுட்டே திரும்பிப் போகும். அவ்வளவு மோசமாவா எடுத்திருக்கேன்?" என்றது பூனை.

அவ்வளவு மோசமில்லைதான். கரடி தலையைச் சொறிந்தது, பச்சையையே மாட்டியது.

மாயி என்ற தேவாங்கு அதைப் பார்த்தாள். பச்சைதானே என்று மகள் பொட்டுவை முன்வரிசையில் விட்டுவிட்டு, பின்னால் அணிலோடு ஊர்க்கதை பேச உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் தேவாங்குகளுக்குக் கடுகளவுதான் கண்.

படத்தில் கீரி பாம்புப் புற்றுக்குள் இறங்கியது. அங்கே பாம்பரசன் ஓர் எலியின் தோலை, சட்டை கழற்றுவதுபோல் உயிரோடு உரித்தான். முன்னாலிருந்து "அம்மா" என்று சன்னமாக ஒரு குரல் கேட்டது. மாயி எழுந்து ஓடினாள். இருட்டில் யார் யார் வாலையோ மிதித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்வதற்குள் எலி முழுவதும் உரிந்துவிட்டது.

பொட்டுவின் கண்கள் முகம் கொள்ளாமல் அகன்றிருந்தன. மூடவே இல்லை. இரவெல்லாம் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உரிக்கிறான்" என்றாள்.

மறுநாள் மாயி மகளைத் தூக்கிக்கொண்டு குகைக்கு வந்தாள். "படம் எடுத்ததைக் குத்தம் சொல்லலை. பக்கத்துல உட்காருன்னு வாசல்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவ கண்ணைப் பொத்தியிருப்பேன்ல?"

கரடி தலை குனிந்தது. பூனை பொட்டுவின் கண்ணுக்குள் பார்த்தது. அந்தக் கண் தன்னைப் பார்த்தே மிரள்வதைக் கண்டதும் அதற்குத் தாங்கவில்லை. வெளியே ஓடி, இலையும் முள்ளும் சேர்ந்த இலந்தைக் கொப்பு ஒன்றை ஒடித்துவந்தது.

"இனி இந்த மாதிரிப் படத்துக்கு இதை மாட்டு. மடியில வச்சுக்க ஆள் இருந்தா குட்டிங்க வரட்டும்."

அன்று முதல்தான், 'எல்லோருக்கும்', 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற இரண்டுக்கும் நடுவே, 'பெற்றோர் துணையோடு' என்று மூன்றாவது குறி வந்தது. பொட்டுவுக்கு மட்டும் அது ஒரு நாள் பிந்திவிட்டது. அவள் வழி வந்த தேவாங்குகள் இன்றும் இரவில் அந்த அகன்ற கண்ணை மூடுவதில்லை. பிடித்த கிளையை விடுவதும் இல்லை.