கோமதியின் இலை

இலையில் மிச்சம் வைத்தவர் எழுந்திருக்கக் கூடாது. அந்த மடத்துப் பந்தியில் அதுதான் விதி. பந்தி பார்த்தவர் குருவின் மூத்த சீடர் சொக்கலிங்கம். விதி என்றால் அவருக்கு உயிர்.

மடத்துச் சத்திரத்தில் தாயோடு தங்கியிருந்த கோமதிக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையிலிருந்தே சிறுநீரக நோய். அவளுக்கென்று உப்பில்லாமல் தனியாக வடித்த சோறு. அன்று இரண்டு வாய் தின்றாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா, மடத்துச் சோறு நாறுதோ?" என்றார் சொக்கலிங்கம்.

பந்தி சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறதோ.

"வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கு சாமி."

"சாக்குச் சொல்லாதே. தின்னு."

தின்றாள். எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் பந்திக்கு வரவில்லை. அறையிலும் சாப்பிடவில்லை. எதைக் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள் என்று தாய் வந்து அழுதாள்.

சொக்கலிங்கம் குருவிடம் போனார்.

"அந்தப் பிள்ளைக்கு நாக்கு ருசி கேட்குது சாமி. அன்னத்தோட அருமையை எப்படிப் புரியவைக்கிறது?"

குரு எழுந்து போய், வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியில் நாலு இலை பறித்து வந்தார்.

"நல்லா மென்னு துப்பு."

மென்றார். கசந்தது. துப்பினார்.

அப்படியே பந்திக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார் குரு. தாமே இலை போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்தார்.

ஒரு வாய்தான். சொக்கலிங்கத்தின் முகம் கோணியது. தித்திப்பு துளியும் இல்லை; மென்ற இலை நாக்கின் இனிப்பைக் கொஞ்ச நேரத்துக்கு மறைத்திருந்தது. நெய் விட்டுப் பிசைந்த களிமண்.

"போதும் சாமி."

"மிச்சம் வைக்கக் கூடாதே."

"இறங்கமாட்டேங்குது."

"ஏன், மடத்துச் சோறு நாறுதோ?"

யாரோ ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

சொக்கலிங்கம் தலை நிமிரவே இல்லை. இலையை வழித்துத் தின்று முடித்தார். காது மடல் வரை சிவந்திருந்தது.

"புத்தி வந்துடுச்சு சாமி. இப்பவே போய் மன்னிப்புக் கேட்கிறேன். உன் கஷ்டம் என்னன்னு எனக்கும் தெரிஞ்சுடுச்சுன்னு அவகிட்ட சொல்றேன்."

"மன்னிப்புக் கேளு. எது இறங்கும்னு கேளு. தெரிஞ்சுடுச்சுன்னு மட்டும் சொல்லாதே."

"ஏன் சாமி?"

"சாயங்காலக் காப்பி உனக்கு இனிக்கும்."