மீசையில் அப்பளம்

முள்ளிக்கரையை ஆண்ட செண்டலங்கார ராஜாவுக்கு மீசை என்றால் உயிர். ஒருநாள் அமைச்சர் பஞ்சநதம் அவர் காதைக் கடித்தார்.

"அரசே, பக்கத்து நாட்டுத் தேன்குடியில் எல்லாரும் எத்தனை நாகரிகமானவர்கள்! நம் ஜனங்களுக்கு வாய்த்துடுக்கு. வெடுக்கென்று பேசுகிறவர்களை நாடு கடத்துங்கள்."

ராஜா ஓலையை எழுதச் சொல்லிவிட்டார். அவையில் இருந்த விகடகவி வெண்காடர் பதறினார்.

"கடத்தினால் ஊரே காலி, அரசே! முத்திரை வைக்கும்முன் தேன்குடியை ஒருதடவை பார்த்துவிடுவோம்."

ராஜாவும் வெண்காடரும் வியாபாரி வேடத்தில் போனார்கள். ராஜா ஒட்டுத்தாடியும் வைத்துக்கொண்டார். தேன்குடிச் சத்திரத்தில் காலையிலேயே விருந்து. ராஜா பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு உறிஞ்சினார். ஒரு துண்டு மீசையில் ஒட்டிக்கொண்டது. பாயசம் காய்ந்ததும் பசை போட்டதுபோல் நின்றுவிட்டது. ராஜாவுக்குத் தெரியவில்லை.

அப்படியே கடைவீதியில் நடந்தார். ஜவுளிக்காரர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கைகூப்பி, "தங்களைப் போன்ற முகத்தை நான் கண்டதே இல்லை" என்றார்.

ராஜா உருகிப்போனார். "பார்த்தீரா வெண்காடரே, என்ன அடக்கம்! எத்தனை சிரித்த முகங்கள்!"

"ஆமாம் அரசே. கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்கள்."

"திரும்பியதும் முத்திரை வைக்கிறேன்!"

சாயங்காலம் முள்ளிக்கரைக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். மோர் விற்கும் வேம்பாயி ராஜாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோவ் பெரிய மீசை! அப்பளத்தை எங்கேய்யா சுமந்துட்டுப் போறே? கூட வர்ற தடியனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

முந்தானையை மோரில் நனைத்து, மீசையைப் பிடித்து ஒரே இழு. அப்பளத்தோடு நாலு முடியும் வந்தது. ராஜா "ஐயோ!" என்று அலறினார்.

"சின்னப்புள்ள மாதிரி கத்தாதே. இந்தா, மோரைக் குடி" என்றாள் வேம்பாயி.

அவள் கையிலிருந்த அப்பளத் துண்டையே ராஜா பார்த்துக்கொண்டு நின்றார். ஜவுளிக்காரரும் பெண்களும் எதற்குச் சிரித்தார்கள், பெரியவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிந்தது. முகம் சிவந்தது. சட்டென்று திரும்பினார்.

"வெண்காடரே! காலையிலேயே இதைப் பார்த்தீரா?"

"பார்த்தேன், அரசே."

"ஏன் ஐயா சொல்லவில்லை?"

"தேன்குடியில் இருந்தோமே! நாகரிகமாக நடந்துகொண்டேன். இப்போது நம்ம ஊர் வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். தாடியில் ஒரு முந்திரியும் இருக்கிறது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முந்திரி தானாக விழுந்தது. ஓலையைக் கிழித்தெறிந்தார். வேம்பாயிக்கு இரண்டு கறவை மாடு, வெண்காடருக்குப் பட்டுச்சால்வை.

பஞ்சநதத்தை மட்டும் ஒரு மாதம் தேன்குடியில் தங்கிவரச் சொன்னார், கண்ணாடி எடுத்துப்போகக் கூடாது என்ற நிபந்தனையோடு.