ராசாவும் பாம்புக்குட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்ட கதை

ரொம்ப நாளைக்கு முன்னால் வெள்ளிமேடு என்ற நாட்டை விருப்பாட்சி பூபதி என்று ஒரு ராசா ஆண்டார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றிவிடுவார்.

மலைநாட்டுத் தலைவர் நட்புக்கு அடையாளமாக அவருக்கு ஒரு மலைப்பாம்புக் குட்டியை அனுப்பியிருந்தார். ஒன்றரை முழம்தான் இருக்கும். ராசாவுக்கு அதன்மேல் உயிர். மாணிக்கம் என்று பெயர் வைத்தார். ஆனால் வந்து ஒரு மாதம் ஆகியும் மாணிக்கம் ஒரு எலியைக்கூடத் தொடவில்லை.

எப்படித் தொடும்? அந்த அரண்மனையில் சாப்பாடு என்றாலே திருவிழாதான். ராசா இலையில் உட்கார்ந்தால் நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்க வேண்டும். மேளம் அடிக்க வேண்டும். கவளத்துக்குக் கவளம் புலவர் பாட வேண்டும். இந்த முறையைக் கட்டிக் காத்தவர் சடங்கு அதிகாரி அனந்தப்பர். பாம்புக்கும் அதே முறையைப் போட்டார். தினமும் தங்கத் தாம்பாளத்தில் வைத்து, மேளம் தட்டி, ஆளுக்கொரு தடவை தடவிக்கொடுத்து, கொழுத்த பெருச்சாளி ஒன்றை மூக்குக்கு நேரே நீட்டினார்கள். குட்டி சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது.

இன்னும் மூன்று நாளில் மலைநாட்டுத் தூதர் வருகிறார் என்று ஓலை வந்தது. ராசாவுக்கு வியர்த்துவிட்டது. "அவங்க கொடுத்த குட்டி எலும்பும் தோலுமா கிடந்தா, உங்க நட்பே வேண்டாம்னு நாம சொன்ன மாதிரி ஆயிடுமே."

"குட்டி மேல குத்தமில்லை ராசா, எலி மேலதான்," என்றார் அனந்தப்பர். "களஞ்சியத்துல எலி பிடிக்கிற சடைச்சி நோஞ்சான் எலியாக் கொடுக்கிறா."

பொய். போன அறுவடையில் எலியிடமிருந்து நெல்லைக் காப்பாற்றினாள் என்று ராசா அவளைச் சபையில் பாராட்டியிருந்தார். அந்த எரிச்சல் இவருக்கு.

சடைச்சியைக் கூப்பிட்டார்கள். "மூணு நாள் தர்றேன்," என்றார் ராசா. "குட்டி சாப்பிடலைன்னா, உன் ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நாட்டை விட்டுப் போயிடு."

சடைச்சி கும்பிட்டபடி சொன்னாள். "ஒரு பழைய பானை, கொஞ்சம் வைக்கோல், ஒரு சுண்டெலி போதுங்க ராசா. மூணாம் நாள் காலை வரைக்கும் பானையை யாரும் திறக்கக் கூடாது."

"நான்கூடவா?"

"முக்கியமா நீங்க."

அனந்தப்பர் சிரித்தார். "மேளம்?"

"வேண்டாங்க."

"பாட்டு?"

"பாம்புக்கு வேணுமான்னு தெரியாது. எனக்கு வேண்டாங்க."

"என்னால பார்க்காம இருக்க முடியாது," என்றார் ராசா. "உள்ளேயே செத்துட்டா?"

சடைச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ராசாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "ராசா, நீங்க கடைசியா வயிறு நிறையச் சாப்பிட்டது எப்போ?"

"திமிரப் பாரு," என்றார் அனந்தப்பர். "ராசாக்கள் கொறிப்பாங்க. அதுதான் லட்சணம்."

ராசா யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒரு வேளைகூட ஞாபகம் வரவில்லை.

"இன்னைக்கு ஒரு வேளை நான் சொல்றபடி சாப்பிடுங்க," என்றாள் அவள். "அப்புறமும் பானையைத் திறக்கணும்னு தோணினா திறங்க. நான் இன்னைக்கே கிளம்பிடுறேன்."

அடுக்களைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற சின்ன அறை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, அதனால் கதகதப்பு. சடைச்சி அங்கே ஒரு பாய் விரித்தாள். ஒரே ஒரு தட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். விஷமில்லை என்று எல்லார் முன்னாலும் ஒரு வாய் தின்று காட்டினாள். ராசா உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

"இப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று புலவர் கேட்டார்.

"போகணும்."

எல்லாரும் போனார்கள். அனந்தப்பர் மட்டும் திரும்பி வந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தார். படக்கென்று கதவு திறந்தது. குப்புற விழுந்தார். எதிரே ராசா, வாய் நிறையச் சோறு, காலித் தட்டு.

"இன்னும் சோறு கொண்டு வாரும். வச்சிட்டுப் போயிடும்."

மூன்று தட்டு காலியானது. ராசா வெளியே வந்து சபை நடுவில் ஏப்பம் விட்டார். "நாற்பது வருஷமா எனக்குப் பசியே இல்லைன்னு நினைச்சேன். இருந்திருக்கு. உங்க எல்லாருக்கும் பயந்து உள்ளே ஒளிஞ்சிருந்திருக்கு. மாணிக்கத்தை அவ கேட்ட பானையில விட்டு இந்த அறையிலேயே வையுங்க. எவனும் கிட்டப் போகக் கூடாது."

அடுத்த இரண்டு நாளும் ராசா அந்தப் பக்கம் பத்துத் தடவை வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்துத் தடவையும் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் காலை சடைச்சி மூடியை எடுத்தாள். எலி இல்லை. குட்டியின் நடு உடம்பில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு. ராசாவின் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க ராசா. இப்பத் தூக்கினா கக்கிடும்."

கையை இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மத்தியானம் வந்த தூதர் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க தலைவர்கிட்ட சந்தோஷமாச் சொல்வேன்," என்றார்.

ராசா சபையைக் கூட்டினார். "அனந்தப்பரே, இனி நான் சாப்பிடுறப்போ கதவுக்கு வெளியே காவல் நீர்தான். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும்." அப்புறம் சடைச்சியிடம் திரும்பினார். "சடைச்சியம்மா, உன்னைத் துரத்தப் பார்த்தேன். நீ எனக்குச் சோறு போட்டே. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்? களஞ்சியத்துப் பொறுப்பு உனக்கு, அதுக்குப் பக்கத்து வீடும் உனக்கு. ஆனா முதல்ல சாப்பிடு."

நடுச்சபையில் இலை போட்டார்கள். முந்நூறு கண்ணும் அவள்மேல். மூன்று நாளாகப் பயத்தில் பட்டினி கிடந்தவள், சோற்றைப் பிசைந்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

ராசாவுக்குப் புரிந்தது. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார். மந்திரி, புலவர், தூதர் எல்லாரும் திரும்பினார்கள். கடைசியில் ராசாவும் சிம்மாசனத்தை விட்டு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றார்.

அப்புறம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சடைச்சி அப்பளத்தை உடைக்கிற சத்தம் கேட்டது.